மின்கட்டணத்தைப் போடுவது யார்: அமைச்சரா, ஆணையமா, டெல்லியா?

கேள்வி இது: "கட்டணம் ஏறும்போதெல்லாம் மாநில அரசு 'ஆணையத்தின் உத்தரவு' என்கிறது. எதிர்க்கட்சி 'அரசுதான் ஏற்றியது' என்கிறது. மின்வாரியத்துக்காரர்கள் 'டெல்லியின் நிபந்தனை' என்கிறார்கள். இதில் எது உண்மை? நாட்டின் எரிசக்திக் கொள்கையை யார்தான் நடத்துகிறார்கள்?"

மூன்றுமே பாதி உண்மை. விலைப்பட்டியலில் கையெழுத்துப் போடுவது ஆணையம், அதாவது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அந்தப் பட்டியலுக்குள் போகும் எண்களில் பெரும்பகுதி ஆணையத்தின் மேசைக்கு வருமுன்பே வேறெங்கோ முடிவாகியிருக்கும். உத்தரவு வந்த பிறகு உங்கள் பில்லில் எவ்வளவு விழும் என்பதை மாநில அரசின் மானியம் தீர்மானிக்கிறது. எந்த எண் எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால் யாரைக் கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். இந்தியாவில் 'எரிசக்திச் சட்டம்' என்று ஒற்றைச் சட்டம் கிடையாது, ஒற்றை அமைச்சகமும் கிடையாது. மின்சாரம், நிலக்கரி, பெட்ரோலியமும் எரிவாயுவும், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆகியவற்றுக்குத் தனித்தனி அமைச்சகங்கள் உண்டு. அணுசக்தித் துறை பிரதமரிடம். எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவர மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2017-இல் தேசிய எரிசக்திக் கொள்கை வரைவு ஒன்றை வெளியிட்டது. அது வரைவாகவே நின்றுவிட்டது.

ஒழுங்குமுறையும் இதே கதைதான். மின்சாரத்துக்கு ஆணையங்கள் இருக்கின்றன. எரிவாயுக் குழாய்களுக்கும் நகர எரிவாயு விநியோகத்துக்கும் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வாரியம் இருக்கிறது. ஆனால் அது பெட்ரோல், டீசல் விலையைப் போடுவதில்லை. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினசரி விலை என்று ஏற்பாடு. தேர்தல் காலங்களில் அந்தத் தினசரி விலை வாரக்கணக்கில் அசையாமல் நிற்பதைப் பார்த்தால், காகிதத்தில் நீங்கிய கட்டுப்பாடு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது புரியும். நிலக்கரிக்கோ சுயேச்சையான விலை ஒழுங்குமுறை அமைப்பே இல்லை. மின்நிலையங்களுக்கான விலையை மத்திய அரசு நிறுவனமான கோல் இந்தியா தானே அறிவிக்கிறது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அதாவது, மின் ஆணையங்கள் எவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்த்தாலும், அடியில் இருக்கும் மிகப்பெரிய செலவுக்குக் கேள்வி கேட்கும் ஆள் இல்லை.

இனி மின்சாரம். நீங்கள் கேட்டது அதைத்தான், விஷயம் நிறைய இருப்பதும் அங்கேதான்.

சட்டத்தில் யாருக்கு என்ன

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மின்சாரம் பொதுப்பட்டியலில், 38-வது இனமாக இருக்கிறது. மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். முரண்பட்டால் பொதுவாக மத்தியச் சட்டமே நிற்கும். இப்போது நடப்பில் இருப்பது 2003 ஜூன் 10-இல் நடைமுறைக்கு வந்த மின்சாரச் சட்டம். அதற்கு முன் 1910, 1948, 1998 ஆண்டுகளின் மூன்று சட்டங்கள் இருந்தன. மூன்றையும் நீக்கிவிட்டு ஒன்றாக்கினார்கள். 1948 சட்டம்தான் மாநில மின்வாரியங்களை உருவாக்கியது. அப்போது வாரியமே உற்பத்தி செய்யும், கம்பி இழுக்கும், விலையும் சொல்லும். விலை சொல்லும் வேலையை 1998 சட்டம் தனியே பிரித்து ஆணையங்களிடம் தந்தது; 2003 சட்டம் அதையே தொடர்ந்தது. தமிழ்நாட்டில் வாரியம் 2010 நவம்பர் 1-இல் தாய் நிறுவனம், உற்பத்தி-பகிர்மானம் (வீடுவரை கொண்டுவந்து விற்பது), மின்தொடரமைப்பு (உயரழுத்தக் கம்பிகள்) என்று உடைந்தது. 2024-இல் உற்பத்தியும் பகிர்மானமும் பசுமை ஆற்றலும் தனித்தனி நிறுவனங்களாயின. பில்லைப் பார்க்கிறவர்களுக்கு இன்றும் எல்லாமே 'ஈபி'தான்.

சட்டத்தின் 3-வது பிரிவு கொள்கை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. மாநிலங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். அப்படி வந்தவை 2005 பிப்ரவரியின் தேசிய மின்சாரக் கொள்கையும் 2006 ஜனவரியின் கட்டணக் கொள்கையும். பின்னது 2016 ஜனவரியில் திருத்தி எழுதப்பட்டது. எந்த வகை நுகர்வோரின் கட்டணமும் சராசரி வழங்கல் செலவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்ற இலக்கு அந்தக் கட்டணக் கொள்கையில் இருப்பதுதான். தொழிற்சாலையிடம் கூடுதலாக வாங்கி வீட்டுக்குக் குறைப்பதைக் குறுக்கு மானியம் என்போம். அதற்கு இது உச்சவரம்பு. எத்தனை மாநிலங்கள் இதை முழுசாகக் கடைப்பிடிக்கின்றன என்று கேட்காதீர்கள்.

மத்திய மின்சார ஆணைக்குழு தொழில்நுட்ப மூளை. 5 ஆண்டுக்கு ஒருமுறை தேசிய மின்திட்டம் போடுவது, மீட்டர் முதல் உயரழுத்தக் கோபுரம் வரை தரம் நிர்ணயிப்பது, பெரிய நீர்மின் திட்டங்களுக்கு ஒப்புதல் தருவது அதன் வேலை. விலையில் தலையிடாது. அனல் மின்நிலையம் கட்ட 2003-க்குப் பிறகு உரிமமே தேவையில்லை. சுற்றுச்சூழல் அனுமதி முதலியவை வேறு கணக்கு. உரிமம் வேண்டியது மின்தொடரமைப்புக்கும் பகிர்மானத்துக்கும் மின் வணிகத்துக்கும்தான்.

விலை போடுகிறவை இரண்டு. டெல்லியிலுள்ள மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம், மத்திய அரசு நிறுவனங்களின் மின்நிலையங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களுக்கு விற்கும் நிலையங்களுக்கும், மாநிலங்களுக்கிடையிலான கம்பிகளுக்கும் விலை சொல்லும். மற்றதெல்லாம் மாநில ஆணையம். தமிழ்நாட்டு ஆணையம் 1999-இல் அமைந்தது.

இந்தப் பிரிவினையின் விளைவைப் பாருங்கள். நெய்வேலி மின்சாரத்தின் விலை டெல்லி ஆணையத்தில் தீர்மானமாகிறது. கூடங்குளத்தின் விலை ஆணையங்களுக்கே வருவதில்லை. அது அணுசக்தித் துறையின் வேலை. சென்னையிலுள்ள ஆணையம் இந்த இரண்டையும் அப்படியே ஏற்றுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பகிர்மான நிறுவனத்தின் செலவில் பெரும்பகுதி மின்கொள்முதல். அந்தப் பெரும்பகுதியில் ஒரு நல்ல துண்டு மாநில ஆணையத்தின் கைக்கு வெளியே இருக்கிறது.

வாங்காத மின்சாரத்துக்கும் பணம்

கொள்முதல் ஒப்பந்தத்தில் விலை இரண்டு துண்டு. ஒன்று நிலைக்கட்டணம்: கட்டிய கடன், தேய்மானம், முதலுக்கு லாபம், பராமரிப்பு. மற்றது எரிபொருள் கட்டணம். நிலையம் 'நான் தயார்' என்று ஆண்டில் 85 சதவீதம் அறிவித்துவிட்டால், நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் முழுசாகப் போகும். மத்திய ஆணையத்தின் விதிப்படி கடனும் பங்கு முதலும் 70-க்கு 30 என்று கணக்கிட்டு, அனல் நிலையங்களுக்குப் பங்கு முதல்மேல் 15.5 சதவீத லாபம் அனுமதிக்கிறார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. 1,000 மெகாவாட் நிலையம், நிலைக்கட்டணம் யூனிட்டுக்கு ரூ.1.80 என்று வைப்போம். 24 மணி நேரம், 85 சதவீதம் என்றால் நாளைக்கு 2 கோடியே 4 லட்சம் யூனிட். காற்று நன்றாக வீசும் ஆனி, ஆடியில் இந்த நிலையத்தை நிறுத்திவைத்தாலும் நாளொன்றுக்குச் சுமார் 3 கோடியே 67 லட்சம் ரூபாய் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் காற்றாலை மின்சாரத்தை 'கட்டாயம் எடுக்க வேண்டும்' என்று விதி இருந்தும், 'கிரிட் (மின்கம்பி வலையமைப்பு) தாங்காது' என்று சொல்லி அதைக் குறைத்துவிட்டு, அனல் நிலையத்தை ஓட்டும் ஆசை பகிர்மான நிறுவனங்களுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் சூரிய மின்நிலையங்களை இப்படிக் குறைத்தது பற்றிய வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் இழப்பீடு தரச் சொன்னது. கிரிட் பாதுகாப்புக்காகக் குறைக்கலாம், காசை மிச்சம் பிடிக்கக் குறைக்கக் கூடாது என்பதுதான் சாரம்.

விலையை ஆணையம் கணக்கிட்டுச் சொல்வது 62-வது பிரிவு. ஏலத்தில் வந்த விலையை ஆணையம் ஏற்றுக்கொள்வது 63-வது பிரிவு; இதில் ஏலம் ஒழுங்காக நடந்ததா என்று மட்டுமே பார்க்க வேண்டும், விலையைத் தோண்டக் கூடாது. ஏல விலையின் உறுதி எவ்வளவு என்பதற்குக் குஜராத்தின் முந்த்ரா நல்ல பாடம். அங்கே டாடாவின் 4,000 மெகாவாட் திட்டம் யூனிட்டுக்குச் சராசரியாக ரூ.2.26 என்று கேட்டு ஏலத்தை வென்றது. எரிபொருள் இந்தோனேசிய நிலக்கரி. 2010-இல் இந்தோனேசியா ஏற்றுமதி விலையைச் சர்வதேச விலையோடு கட்டிப்போட்டதும் கணக்கு கவிழ்ந்தது. அதே முந்த்ராவிலுள்ள அதானி நிலையமும் சேர்ந்து, ஈட்டுக்கட்டணம் வேண்டுமென்று ஆணையத்துக்குப் போனார்கள். ஆணையமும் தீர்ப்பாயமும் வெவ்வேறு காரணம் சொல்லி இரக்கம் காட்டின. உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரல் 11-இல் மறுத்துவிட்டது: வெளிநாட்டில் விலை ஏறியது வியாபார ஆபத்து, இயற்கைப் பேரிடர் மாதிரி அல்ல.

கதை அதோடு முடியவில்லை. 2022 கோடையில் நாடு முழுக்க நிலக்கரித் தட்டுப்பாடு. 'அசாதாரணச் சூழலில் எந்த நிலையத்தையும் ஓட்டச் சொல்லலாம்' என்ற 11-வது பிரிவை மத்திய அரசு மே மாதம் கையிலெடுத்து, இறக்குமதி நிலக்கரி நிலையங்கள் எல்லாம் முழுத்திறனில் ஓட வேண்டும், எரிபொருள் செலவு தனியாக ஈடுகட்டப்படும் என்றது. உச்ச நீதிமன்றம் சாத்திய கதவுக்கு ஐந்து ஆண்டு கழித்துச் சன்னல் திறந்தது. அந்த உத்தரவு பிறகு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. ஒழுங்குமுறை ஆணையம், தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அரசாணை எப்படி உட்கார முடியும் என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கட்டண மனுவுக்குள் என்ன நடக்கிறது

பகிர்மான நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் தன் 'மொத்த வருவாய்த் தேவை'யைக் கணக்கிட்டு ஆணையத்தில் மனு போட வேண்டும். தமிழ்நாட்டு விதிப்படி நவம்பர் 30-க்குள். மனுவின் சுருக்கம் நாளிதழ்களில் வர வேண்டும், பொதுமக்கள் எழுத்திலும் நேரிலும் ஆட்சேபிக்கலாம், மனு வந்த 120 நாளுக்குள் உத்தரவு வர வேண்டும். இது 64-வது பிரிவு.

எண்ணை எளிமையாக்கிச் சொல்கிறேன். நிறுவனம் 100 யூனிட்டை யூனிட் 5 ரூபாய்க்கு வாங்குகிறது: 500 ரூபாய். சம்பளம், வட்டி, தேய்மானம் 200. மொத்தம் 700. வழியில் 15 யூனிட் இழப்பு, விற்றது 85. ஆக ஒரு யூனிட்டின் அடக்கம் 8 ரூபாய் 24 காசு. இப்போதைய கட்டணத்தில் சராசரியாக 7 ரூபாய் வசூலாகிறது என்றால் கிடைப்பது 595. குறைவது 105 ரூபாய்.

அந்த 105-ஐ ஆணையம் நான்கு விதமாகத் தீர்க்கலாம். கட்டணத்தை ஏற்றலாம். அரசிடம் மானியம் வாங்கிக்கொள் எனலாம். செலவில் கொஞ்சத்தை 'அனுமதியோம்' என்று வெட்டலாம். இல்லையேல், 'இந்தத் தொகை நுகர்வோரிடமிருந்து பிறகு வசூலிக்க வேண்டியது' என்று ஏட்டில் எழுதித் தள்ளிவைக்கலாம். கடைசியானதுக்கு ஒழுங்குமுறைச் சொத்து என்று பெயர். பெயரில்தான் சொத்து, உங்கள் பேரில் எழுதிய கடன் அது. 10 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டு கிடந்தால் 105 ரூபாய் 169 ஆகிவிடும்.

வெட்டுவது நியாயமாகத்தான் தெரியும். 12 சதவீத இழப்பைத்தான் அனுமதிப்பேன் என்று ஆணையம் சொன்னால், 85 யூனிட் விற்க 96.6 யூனிட் வாங்கினால் போதும், மீதி 3.4 யூனிட்டுக்கான 17 ரூபாய் நிறுவனத்தின் தலையில் விழும். தனியார் நிறுவனம் என்றால் முதலாளியின் லாபம் குறையும், அடுத்த ஆண்டு இழப்பைக் குறைக்கப் பார்ப்பார். அரசு நிறுவனமாக இருந்தால்? அது கடன் வாங்கும். கடனுக்கு மாநில அரசு ஜாமீன். கடைசியில் அரசே ஏற்கும். 2017 ஜனவரியில் தமிழ்நாடு, பகிர்மான நிறுவனங்களைக் கடனிலிருந்து மீட்கும் மத்திய அரசின் 'உதய்' திட்டத்தில் சேர்ந்தபோது மின்பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் எடுத்துக்கொண்டது நினைவிருக்கலாம். ஆணையம் ஓங்கும் தண்டம் சுற்றிவந்து வரி கட்டுகிறவர் முதுகிலேயே விழுகிறது. இந்திய ஒழுங்குமுறையின் மிகப் பலவீனமான மூட்டு இதுதான் என்பது என் கணிப்பு.

மனுவைப் படிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் விவசாய நுகர்வு. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் அதிகமான பம்ப்செட் இணைப்புகள், பெரும்பாலும் மீட்டர் இல்லாதவை. எத்தனை யூனிட் ஓடியது என்பது மதிப்பீடு. மதிப்பீட்டை ஏற்றிக் காட்டினால் கம்பி இழப்பு குறைந்தது போலத் தெரியும், அரசு மானியமும் கூடும். திருட்டும் பழுதான மீட்டரும் அந்தத் தலைப்புக்குள் அமைதியாக உறங்கும். அடுத்துப் பார்க்க வேண்டியது 'ட்ரூ-அப்', அதாவது போன ஆண்டுகளின் மதிப்பீட்டைத் தணிக்கையான கணக்கோடு நேர்செய்யும் பகுதி. கட்டண உயர்வுச் செய்திகளில் இந்தப் பகுதி வராது. உயர்வின் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஏற்றாததுதான் சிக்கல்

ஆணையம் கண்டபடி ஏற்றுகிறது என்பது பரவலான புகார். வரலாறு வேறு சொல்கிறது. தமிழ்நாட்டு ஆணையத்தின் முதல் கட்டண உத்தரவு 2003 மார்ச்சில் வந்தது. அடுத்தது 2010-இல். பிறகு 2012, 2013, 2014. அதற்குப் பின் 2022 செப்டம்பர் வரை எட்டு ஆண்டு அமைதி. இடையில் நிலக்கரி விலையும் சம்பளமும் வட்டியும் அமைதியாக இல்லை.

மனுவே போடாமல் இருந்தால் ஆணையம் என்ன செய்யும்? பல மாநிலங்களில் சும்மாதான் இருந்தது. மத்திய மின் அமைச்சகம் இதைக் கடிதமாக எழுத, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதையே வழக்காக எடுத்து, 2011 நவம்பர் 11-இல் ஓர் உத்தரவு போட்டது: ஏப்ரல் 1-க்குமுன் ஆண்டுதோறும் கட்டணம் தீர்மானமாக வேண்டும், நிறுவனம் கெடு தாண்டி ஒரு மாதம் தாமதித்தால் ஆணையம் தானாகவே விசாரணையைத் தொடங்க வேண்டும். உத்தரவு வந்த பிறகும் தமிழ்நாட்டில் அந்த எட்டு ஆண்டு இடைவெளி நேர்ந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி மின்பகிர்மான நிறுவனங்களின் வழக்கில், ஏட்டில் தேங்கிய தொகைகளைக் கெடு வைத்துத் தீர்க்கச் சொன்னது. மத்திய அரசின் விதியும் பழைய பாக்கியை 2024 ஏப்ரல் 1 முதல் 7 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும், செலவுக்கும் வரவுக்குமான புதிய இடைவெளி 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. தள்ளிவைத்த உயர்வுகள் வரிசையாக வரும் காலம் இது.

ஆணையம் ஏன் சும்மா இருந்தது? நியமனத்தைப் பாருங்கள். மாநில ஆணையத்தில் தலைவரோடு சேர்த்து அதிகபட்சம் மூன்று பேர். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி, தலைமைச் செயலாளர், மத்திய அமைப்பின் தலைவர் ஒருவர் அடங்கிய தேர்வுக்குழு ஓர் இடத்துக்கு இரண்டு பெயர் தரும்; ஒன்றை மாநில அரசு எடுத்துக்கொள்ளும். பதவி 5 ஆண்டு அல்லது 65 வயது, மறுநியமனம் இல்லை. பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் அல்லது வாரியத்தின் பழைய பொறியாளர்கள். நேற்றுவரை தன் நிறுவனமாக இருந்ததன் கணக்கை இன்று வெட்டுவதற்குத் தனி நெஞ்சு வேண்டும். நீதிமன்றம்போல வேலை செய்யும் அமைப்பில் சட்டம் படித்த ஒரு உறுப்பினர் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் சொன்னது. தமிழ்நாட்டில் 2022 கட்டண விசாரணையின்போது அந்த இடம் காலியாக இருந்ததால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தடை வாங்கினார்கள். மேல்முறையீட்டில் தடை நீங்க, செப்டம்பர் 10 முதல் புதுக் கட்டணம் அமலானது.

அந்த உத்தரவில்தான் ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் விலைவாசிக் குறியீடு அல்லது 6 சதவீதம், எது குறைவோ அந்த அளவு உயரும் என்ற சூத்திரமும் வந்தது. 2023-இல் 2.18, 2024-இல் 4.83, 2025-இல் 3.16 சதவீதம். இதில் அமைச்சரின் கையெழுத்து எங்கும் இல்லை என்பது சரியே. ஆனால் மனுவைப் போட்டது அரசுக்குச் சொந்தமான நிறுவனம்.

ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய்

அரசின் கை நேரடியாகத் தெரியும் இடம் 65-வது பிரிவு. எந்த வகையினருக்கும் மாநில அரசு மானியம் தரலாம். ஆனால் பணத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் மானிய உத்தரவு செல்லாது, ஆணையத்தின் கட்டணமே பொருந்தும். அதாவது சட்டப்படி 'இலவச மின்சாரம்' என்று ஆணையம் எதையும் தருவதில்லை.

2022 உத்தரவையே எடுங்கள். வீடுகளுக்கு 400 யூனிட் வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6, 501 முதல் 600 வரை ரூ.8. இது அப்போது ஆணையத்தின் விலை. இதன்மேல் அரசு, முதல் 100 யூனிட்டை எல்லோருக்கும் முழுசாக ஏற்றது. 500-க்குள் நிற்பவர்களுக்கு மட்டும் அடுத்த 100 யூனிட்டில் பாதியை ஏற்றது. இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓட்டியவரின் பில்: 100 × 2.25, 200 × 4.50, 100 × 6 என்று 1,725 ரூபாய். 501 ஓட்டியவருக்கு அந்தப் பாதிச் சலுகை போய்விடும்: 300 × 4.50, 100 × 6, ஒரு யூனிட் 8 ரூபாய், மொத்தம் 1,958. ஒரு யூனிட்டில் 233 ரூபாய் தாவியது. அதில் 8 ரூபாய் ஆணையத்தின் விலை, 225 ரூபாய் அரசின் மானிய எல்லை. ரீடிங் எடுப்பவர் நான்கு நாள் தாமதமாக வந்தால் ஏன் சண்டை வருகிறது என்பதற்கும் இதுதான் விளக்கம்.

இன்னொரு கதவு 108-வது பிரிவு: பொதுநலன் சார்ந்த கொள்கையில் மாநில அரசு ஆணையத்துக்கு எழுத்தில் வழிகாட்டலாம். ஆணையம் அதை வழிகாட்டுதலாகக் கொள்ள வேண்டும். கட்டணக் கணக்கையே அரசு எழுதித்தர இந்தப் பிரிவு இடம் தராது.

டெல்லியின் கயிறு

மத்திய அரசு மாநில ஆணையத்துக்கு உத்தரவு போட முடியாது. அதனால் பணத்தின் வழியே வரும். மாநில உற்பத்தி மதிப்பில் கூடுதலாக 0.5 சதவீதம் கடன் வாங்க வேண்டுமா, மின்துறையில் இன்னின்ன சீர்திருத்தம் காட்டு என்று 2021-22 முதல் ஒரு நிபந்தனை இருந்தது. ஸ்மார்ட் மீட்டருக்கும் கம்பி மேம்பாட்டுக்குமான திட்ட மானியமும் கணக்குத் தணிக்கை, நிலுவை, இழப்பு இவற்றோடு கட்டப்பட்டது. மின்நிலையங்களுக்குப் பாக்கி வைத்த 13 மாநிலங்களை 2022 ஆகஸ்டில் மின்சந்தையில் வாங்கவிடாமல் தடுத்தார்கள். தமிழ்நாடும் அதில் இருந்தது. பாக்கியைக் கட்டியதும் கதவு திறந்தது. 'டெல்லியின் நிபந்தனை' என்று உங்கள் வாரியத்துக்காரர் சொன்னது இதைத்தான்.

நிமிடக் கணக்கில் நடக்கும் அதிகாரம் இன்னொன்று இருக்கிறது: லோட் டெஸ்பாட்ச் சென்டர், அதாவது மின்சுமையைப் பகிர்ந்தளிக்கும் மையம். ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக 96 ஆக்கி, ஒவ்வொன்றிலும் எந்த மாநிலம் எவ்வளவு எடுக்கும் என்று முந்தைய நாளே எழுதிவைப்பார்கள். தென் மாநிலங்களுக்குப் பெங்களூரு, நாட்டுக்கு டெல்லி, மாநிலத்துக்குச் சென்னை. கிரிட்டில் ஓடும் மின்சாரத்தின் அதிர்வெண் 49.90-க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் இடையில் நிற்க வேண்டும். சொன்னதைவிட அதிகம் எடுத்தால் அபராதம். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கும் கிழக்கும் வடகிழக்கும் இருண்டபோது, எழுதியதைவிட அதிகம் இழுத்த மாநிலங்கள் 'குறை' என்ற உத்தரவைக் கேட்கவில்லை என்பதும் காரணங்களில் ஒன்று. வட்டார மையத்தின் உத்தரவை மீறினால் 29-வது பிரிவில் அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய். ஒரு மாநிலத்துக்கு அது டீக்காசு. தென்னகம் அப்போது தப்பியது, மற்ற கிரிட்டோடு நேரடியாக இணையாமல் இருந்ததால். ராய்ச்சூர்-சோலாப்பூர் கம்பி வழியே இணைந்தது 2013 டிசம்பர் 31-இல்.

நீங்கள் எங்கே போகலாம்

கட்டணத்தை எதிர்க்க வேண்டுமானால் நேரம் முக்கியம்: உத்தரவுக்குப் பிறகு மறியல் செய்வதைவிட மனு நிலையில் ஒரு பக்கம் எழுதுவது மேல். 'ஏற்றாதே' என்று எழுதினால் கோப்பில் போகும். 'இந்தப் பக்கத்து அட்டவணையில் இந்த நிலையத்துக்கு நிலைக்கட்டணம் கொடுத்தும் மின்சாரம் எடுக்கவில்லை, ஏன்?' என்று எழுதினால் நிறுவனம் பதில் தர வேண்டியிருக்கும், பதில் உத்தரவில் பதிவாகும். உத்தரவின்மேல் 45 நாளுக்குள் டெல்லி தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணமே 1 லட்சம் ரூபாய், அதனால் தனியாள் போவது அபூர்வம், சங்கங்கள் போகும். அங்கிருந்து 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றம், சட்டக் கேள்வி இருந்தால் மட்டும். ஆணையத்தின் விதிமுறையையே எதிர்ப்பதானால் தீர்ப்பாயம் எடுக்காது. 2010-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னபடி உயர் நீதிமன்றம்தான் வழி.

பில்லில் தவறு, இணைப்பு தாமதம், மீட்டர் ஓட்டம் என்றால் இந்த ஏணி வேண்டாம். மேற்பார்வைப் பொறியாளர் இருக்கும் வட்ட அலுவலகத்திலேயே மின்நுகர்வோர் குறைதீர் மன்றம் உண்டு. அங்கே திருப்தியில்லையென்றால் சென்னையிலுள்ள மின்குறைதீர்ப்பாளர். பழைய பாக்கி என்று திடீரென நோட்டீஸ் வந்தால் இரண்டு எண்ணை நினைவில் வையுங்கள்: துண்டிக்குமுன் 15 முழு நாள் எழுத்து அறிவிப்பு வேண்டும், கட்ட வேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டு தாண்டிய, இடையில் பில்களில் தொடர்ந்து காட்டப்படாத தொகையை வசூலிக்க முடியாது. இரண்டும் 56-வது பிரிவு. நோட்டீஸில் 126 அல்லது 135 என்ற பிரிவு எண் இருந்தால் மட்டும் குறைதீர் மன்றத்துக்குப் போய் நாளைக் கழிக்காதீர்கள். முதலாவது முறைகேடான பயன்பாடு. இறுதி மதிப்பீட்டு உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள், கேட்ட தொகையில் பாதியைக் கட்டி, தனி மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். இரண்டாவது மின்திருட்டு, அது சிறப்பு நீதிமன்றம்.